தமிழ்த் தேடலுக்கு ஓப்பன் சோர்ஸ் டூல் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்குத் தமிழ்த் தேடல் எடுக்கிற பசங்களும், மா விவசாயிகளுக்கு ஆப் எழுதுகிறவர்களும் போடும் ஒப்பீட்டு அட்டவணைகள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கின்றன. கோடைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஸ்டார் எத்தனை, எத்தனை மொழி தெரியும், எவ்வளவு வேகம். தமிழ்ச் சொல்லை உள்ளே போட்டால் என்ன ஆகிறது என்ற கட்டம் மட்டும் இருக்காது.

ஸ்டான்சாவையும் எலாஸ்டிக்சர்ச்சையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைக்கிறார்கள், அது முதல் கோளாறு. என்எல்டிகே, ஸ்பேசி, ஸ்டான்சா எல்லாம் வாக்கியத்தைப் பிரித்து அலசும் லைப்ரரிகள். லூசின், தேடலுக்கான இண்டெக்ஸ் (எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியல்) கட்டுகிற ஜாவா லைப்ரரி; சோலர், எலாஸ்டிக்சர்ச், ஓப்பன்சர்ச் மூன்றும் அதன் மேல் எழுப்பிய சர்வர்கள். அடியில் ஓடுவது ஒரே லூசின் என்பதால், தமிழைச் சொல் சொல்லாகப் பிரிப்பதில் இந்த மூன்றுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது, மொழிப் பட்டியலை நம்புவது. ஸ்பேசி 70-க்கும் மேற்பட்ட மொழிகளை ஆதரிப்பதாகச் சொல்கிறது, தமிழும் அதில் உண்டு. ஆனால் தமிழுக்கு அதில் கிடைப்பது சொல் பிரிப்பும் ஒதுக்க வேண்டிய பொதுச் சொற்களின் பட்டியலும் மாதிரியான அடிப்படைச் சரக்குதான். பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது என்று சொல்லும் பயிற்சி பெற்ற மாடல் அதோடு வராது. ஸ்டான்சாவில் அந்த மாடல் இருக்கிறது, ஆனால் அதைப் பழக்கிய தமிழ் ட்ரீபேங்கில் (இலக்கணக் குறிப்பு போட்ட வாக்கியத் தொகுப்பு) இருப்பது 600 செய்தி வாக்கியங்கள். நாளிதழ் நடைக்குச் சுமாராகப் போகும், ராயக்கோட்டை மண்டியில் வாட்ஸப்பில் ஓடுகிற தமிழுக்கு அதை நம்ப மாட்டேன்.

இனி, பலரும் கவனிக்காமலே தாண்டிப் போகிற விஷயம். எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸின் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5-ஐ எந்த செட்டிங்கும் மாற்றாமல் வைத்தால் அதில் சொல் பிரிக்கும் யூனிகோட்61 டோக்கனைசர் எழுத்தையும் எண்ணையும் மட்டும் சொல்லின் பாகமாக எடுத்துக்கொள்ளும். நம் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் வேறு வகை, அதனால் அவை அதற்கு இடைவெளி மாதிரி. தர்மபுரி உள்ளே போய் 'தர', 'மப', 'ர' என்று மூன்று துண்டாகிவிடும். தேடும் சொல்லும் அப்படியே துண்டாவதால் தர்மபுரி என்று தேடினால் ரிசல்ட் ஒழுங்காக வரும், எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வோம். மாடு என்று தேடிப் பாருங்கள்: 'ம', 'ட' என்று துண்டாகி மேடு, மூடி, மாடி மட்டுமில்லை, மேட்டூர் வரை இழுத்துக்கொண்டு வரும். டோக்கனைசருக்கான கேட்டகரி (categories) வரிசையில் இந்தக் குறிகளின் வகைகளான எம்என், எம்சி (Mn, Mc) இரண்டையும் சேர்த்தால் தீர்ந்தது. பைத்தானில் ரெகெக்ஸை வைத்துச் சொல் பிரிப்பவர்களும் இதே குழியில் விழுகிறார்கள், அங்கே சொல்லின் எழுத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ (\w) செய்வது இதே வேலைதான். லூசினின் ஸ்டாண்டர்ட் டோக்கனைசர் இந்த விஷயத்தில் ஒழுங்கு, தமிழ்ச் சொல்லை உடைக்காது.

துண்டாவதைத் தவிர்க்க, மும்மூன்று கேரக்டராக வெட்டி இண்டெக்ஸ் செய்யும் ட்ரைகிராமுக்குத் தாவுகிறவர்களும் உண்டு. நல்ல வழிதான், ஆனால் எஃப்டிஎஸ்5 ட்ரைகிராமில் மூன்று கேரக்டருக்குக் குறைவாகத் தேடினால் ஒன்றும் வராது. 'மா' என்பது யூனிகோடில் இரண்டே கேரக்டர். கிருஷ்ணகிரியில் மா என்று தேடி ஒன்றுமே வராத ஆப்பை யாருக்குக் கொடுப்பது?

விகுதி இன்னொரு தலைவலி. தக்காளி, தக்காளியை, தக்காளிக்கு எல்லாவற்றையும் முன்னொட்டுத் தேடலிலேயே பிடித்துவிடலாம். மரம் என்று தேடுகிறவருக்கு 'மரத்தில்', 'மரங்களுக்கு' கிடைக்க வேண்டுமென்றால் விகுதியை வெட்டி அடிச்சொல்லை எடுக்கும் ஸ்டெம்மர் வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழ் ஸ்னோபால் ஸ்டெம்மர் கூடவே வருகிறது, லூசினிலும் தமிழுக்கென்றே ஒரு அனலைசர் (சொல் பிரிப்பும் ஸ்டெம்மரும் சேர்ந்தது) இருக்கிறது. இருக்கிறது என்பதாலேயே ஆன் செய்துவிடாதீர்கள், வேண்டாத இடத்திலும் வாலை நறுக்கும். உங்கள் சொற்களைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

சோதிக்க ஆங்கில டேட்டாசெட் எதற்கு? தர்மபுரி, தருமபுரி, அரூர், ஹரூர், ஒகேனக்கல், ஹொகேனக்கல், பெங்களூரா மாங்காய், கிளிமூக்கு மாங்காய். ஜோடியில் ஒன்றைத் தேடினால் மற்றது வரவேண்டும். எந்த டூலும் இதைத் தானாகச் செய்யாது, இணைச்சொல் பட்டியலை நாம்தான் எழுத வேண்டும். அதைச் சேர்ப்பது எதில் சுலபம் என்று பாருங்கள், அதுதான் உருப்படியான ஒப்பீடு. அப்புறம் போச்சம்பள்ளி: அதன் 'போ' சில ஃபைல்களில் ஒரே குறியாகவும், சிலவற்றில் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதிவாகியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. இண்டெக்ஸ் செய்யும் முன் இரண்டையும் ஒரே பதிவாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றாமல் எந்த டூலையும் குறை சொல்வதில் நியாயமில்லை. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல் என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

லைசென்ஸைக் கடைசியில் பார்க்கிற பழக்கமும் வேண்டாம். எலாஸ்டிக்சர்ச் 2021-இல் அப்பாச்சி என்ற தாராளமான ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸை விட்டு விலகியது, அதிலிருந்து பிரிந்ததுதான் ஓப்பன்சர்ச். 2024-இல் எலாஸ்டிக்சர்ச் ஏஜிபிஎல் என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது. மாடல்களில் இது இன்னும் நைசாக ஒளிந்திருக்கும்: ஸ்டான்சாவின் கோடு அப்பாச்சி, ஆனால் மேலே சொன்ன அந்தத் தமிழ் ட்ரீபேங்க் வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை என்ற நிபந்தனையோடு வருவது. ஆப்பைக் காசுக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் கோடு, மாடல், டேட்டா மூன்றின் லைசென்ஸையும் தனித்தனியாகத் திறந்து படியுங்கள்.