குதிரையின் குடல் கட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குதிரைகளுக்குக் குடலில் கட்டி வருவது அரிது. அரிது என்பதனாலேயே கடைசிவரை அது யார் நினைவுக்கும் வருவதில்லை. குதிரை இளைக்கத் தொடங்கினால் புழு மருந்து கொடுப்பதும், பல்லை அரத்தால் தேய்த்துச் சீராக்குவதும், தீவனத்தைக் கூட்டுவதும் முறையான செயல்களே. முறையாகப் புழு நீக்கியாயிற்று, பல்லிலும் குறையில்லை என்றான பின்னும் அதே மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்து மாதங்களைக் கடத்துவதுதான் தவறு.

வயதானால் இளைக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுவதும் அதைப் போன்றதே. குதிரைக் குடலில் அதிகம் காணப்படும் புற்றான லிம்ஃபோமா இளம் குதிரைகளுக்கும் வருகிறது. அது குடல் சுவரில் பரவும்போது, குதிரை வயிறார மேய்ந்தாலும் சத்து உடலில் சேராது. ரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதம் குடல் வழியே கசிந்து குறைவதால் அடிவயிற்றிலும் கால்களிலும் நீர் கோத்துக்கொள்ளும். இந்த வீக்கத்தைச் சதைப்பிடிப்பு என்று எண்ணி மகிழ்ந்துவிடக் கூடாது. விரலால் அழுத்தியதும் குழி விழுந்து சற்று நேரம் அப்படியே நின்றால் அது நீர். அடர்ந்த ரோமமும் மெலிவை மறைப்பதால், கண்ணை மட்டும் நம்பாமல் விலாவின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். மார்புச் சுற்றளவின் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி (இரண்டும் செ.மீ.யில்), 11,880ஆல் வகுத்தால் எடை ஏறத்தாழ கிலோவில் கிடைக்கும், மாதந்தோறும் எழுதி வைத்த இந்த எண்கள் மருத்துவருக்கு மிகவும் உதவும்.

பரிசோதனை முடிவுகளைத் தவறாகப் புரிந்துகொள்வது அடுத்தது. மலக்குடல் வழியே கைவிட்டுப் பார்க்கும் மருத்துவருக்கு வயிற்றின் ஒரு பகுதிதான் எட்டும். சிறுகுடலோ 20 மீட்டருக்கும் அதிக நீளமுடையது. வயிற்றறையில் குடலைச் சூழ்ந்துள்ள நீரில் புற்றணுக்கள் தென்படவில்லை என்பதும் கட்டி இல்லை என்பதற்குச் சான்றாகாது, ஏனெனில் பல கட்டிகள் அணுக்களை அந்த நீரில் உதிர்ப்பதே இல்லை. அல்ட்ராசவுண்டில் சிறுகுடல் சுவர் சுமார் 3 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் ஐயப்பட வேண்டும். ஆனால் குடல் அழற்சியிலும் அது தடிக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல வல்லது திசுப் பரிசோதனை மட்டுமே.

இங்கேதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு நிகழ்கிறது. அழற்சியாக இருக்கும் என்ற ஊகத்தில், திசு எடுப்பதற்கு முன்பே அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். லிம்ஃபோமாவும் ஸ்டீராய்டுக்குச் சிறிது காலம் அடங்கும். குதிரை தேறுவதுபோல் தெரியும். பிறகு எடுக்கும் திசுவும் தெளிவாகப் பேசாது. முன்சிறுகுடலிலிருந்து நீண்ட எண்டோஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) வழியாகவும் மலக்குடலிலிருந்தும் திசு எடுக்க முடியும் என்பதால், வயிற்றைத் திறக்க அஞ்சி இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கட்டி ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அப்பகுதியை வெட்டி நீக்கி இணைக்கலாம். பரவிவிட்ட லிம்ஃபோமாவுக்கு நல்ல முடிவை எதிர்பார்ப்பதற்கில்லை.

வலிநிவாரணி இன்னொரு சிக்கல். அடிக்கடி வந்துபோகும் வயிற்றுவலிக்கு ஒவ்வொரு முறையும் ஊசி போட்டு அமர்த்தினால், காரணம் மறைந்தே இருக்கும். குறிப்பாக 15 வயதைக் கடந்த குதிரைகளில் காம்புள்ள கொழுப்புக் கட்டியை நினைவில் கொள்ள வேண்டும். இது புற்று அன்று. குடலைத் தாங்கும் சவ்விலிருந்து காம்பில் பழம்போலத் தொங்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் ஒரு தொல்லையும் தராமல் இருக்கும். ஒருநாள் அந்தக் காம்பு சிறுகுடலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே குடல் செத்துவிடும். மருந்து கொடுத்தும் வலி திரும்பினாலோ, ஓய்விலும் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினாலோ (இயல்பு 28 முதல் 44 வரை), விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் அடைபட்டதால் இரைப்பையில் தேங்கிய நீரை மூக்கு வழிக் குழாயால் மருத்துவர் வெளியேற்றாவிட்டால், அறுவைக்குக் கொண்டு செல்வதற்குள் இரைப்பையே கிழிந்துவிடக்கூடும்.