சென்னை–பலாலி: தூரம் கொஞ்சம், கணக்குப் பார்க்க வேண்டியது நிறைய

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர்தான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் விமானம் ஏறக்குறைய நேர் தெற்கே வருகிறது. டிக்கெட்டில் ஒன்றேகால் மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் வரை போட்டிருப்பார்கள். இவ்வளவு கிட்டத்துக்கு ஏன் இத்தனை நேரம் என்றால், பலாலி ஓடுபாதை நீளம் குறைந்தது, பெரிய ஜெட் இறங்காது, அதனால் ஏடிஆர் 72 என்ற காற்றாடி விமானம்தான் ஓடுகிறது, அது கொஞ்சம் மெதுவாகத்தான் பறக்கும்.

திருச்சி இன்னும் கிட்ட. சுமார் 185 கிலோமீட்டர், ஒரு மணித்தியாலம் போதும். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் 290 கிலோமீட்டர் வரும், அதாவது யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பைவிடத் திருச்சிதான் பக்கம். 2025 மார்ச் கடைசியில் திருச்சிச் சேவை தொடங்கியபோது பலர் சந்தோஷப்பட்டதற்கு இதுவே காரணம். ஆனால் இந்தச் சேவைகளின் நாட்களும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நீண்ட தூர டிக்கெட்டை எடுக்கும் முன் அந்த வாரத்து அட்டவணையைப் பாருங்கள்.

அப்புறம், தூரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். லண்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ சென்னை வரை ஒரு டிக்கெட், பலாலிக்கு வேறொரு டிக்கெட் என்று எடுத்தால், சென்னையில் குடிவரவு தாண்டிப் போய்ப் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு இந்திய விசா கட்டாயம் வேண்டும். திரும்பும்போதும் அதே வழி என்றால் இரண்டு தடவை உள்ளே வர அனுமதிக்கும் விசாவாக இருக்க வேண்டும், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் இலங்கைக்கான இடிஏ என்ற இணையவழிப் பயண அனுமதியையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அது தேவையில்லை. இரண்டு விமானங்களுக்கும் நடுவில் குறைந்தது ஐந்து மணித்தியாலம் விடுங்கள். வயதான அம்மா அப்பாவோடு வருகிறீர்கள் என்றால் ஒரு இரவு தங்கி வருவதே நல்லது.

பெட்டி அடுத்த தலைவலி. பெரிய விமானத்தில் ஆளுக்கு இரண்டு பெட்டி தந்திருப்பார்கள், சின்ன விமானத்தில் அந்த எடை கிடைக்காது. மேலதிக எடைக்குக் கவுன்டரில் கேட்கும் காசு அதிகம், முன்கூட்டி இணையத்தில் கட்டினால் குறையும். சொந்தபந்தங்களுக்குச் சாமான் நிறையக் கொண்டு போகிறவர்கள் கட்டுநாயக்கவில் இறங்கி ஹையேஸ் வான் பிடிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. புத்தளம், அநுராதபுரம் வழியாகப் போய் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியைப் பிடித்தால், ஆறேழு மணித்தியாலத்தில் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார்கள்.

பலாலியில் விமானத்திலிருந்து படியால் இறங்கித்தான் வர வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவையுங்கள். அங்கிருந்து யாழ் நகரம் ஏறக்குறைய 17 கிலோமீட்டர், காங்கேசன்துறை, தெல்லிப்பழைக்காரருக்கு இன்னும் கிட்ட. கிளிநொச்சி என்றால் இரண்டு வழியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வவுனியா, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்புக்காரர் பலாலியை நினைக்கவே வேண்டாம், கட்டுநாயக்கவிலிருந்து நேராகப் போய்விடுங்கள்.