வீட்டு மதிப்பீடு ஒரே நடையில் முடிய: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண அளவுள்ள வீடு என்றால், மதிப்பிட வருபவர் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அளந்து, படமெடுத்து, குறிப்பெழுதிக் கிளம்பிவிடலாம். நாட்கள் கரைவது அதற்கு முன்னும் பின்னும்தான். பூட்டிக் கிடந்த ஓர் அறைக்காக அவர் மறுபடி வர நேர்ந்தால், அவருடைய வேலை வரிசையில் உங்கள் வீடு கடைசிக்குப் போய்விடும். இந்த இரண்டாம் நடையைத் தவிர்ப்பதுதான் நம் கையில் இருக்கும் வேலை.

தாமதம் பல நேரம் விண்ணப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. உரிமையாளரின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அவர் வேறு ஊரில் இருப்பார். சாவி குடியிருப்பவரிடம் இருக்கும். மதிப்பீட்டாளர் கூப்பிடுவார், தெரியாத எண் என்று யாரும் எடுக்க மாட்டார்கள். கதவைத் திறக்கப்போகிறவரின் எண்ணையும், மாற்று எண் ஒன்றையும் கொடுங்கள். "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்பதை வைத்துக்கொண்டு யாரும் தேதி குறிக்க முடியாது. பகல் வெளிச்சம் இருக்கும் இரண்டு மூன்று நேரங்களைத் திட்டமாகச் சொல்லுங்கள். வெளிப்புறப் படங்களுக்கு வெளிச்சம் வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடனுக்கான மதிப்பீடு என்றால், அவசரப்பட்டு நீங்களே ஒருவரை அமர்த்தி அறிக்கை வாங்கிவிடாதீர்கள். கடன் தருபவர்கள் பெரும்பாலும் தாங்கள் நியமிப்பவரின் அறிக்கையைத்தான் ஏற்பார்கள். வெளி அறிக்கை செல்லுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாள்களில் வரும் சிக்கல்

கிரயப் பத்திரத்தின் முதல் பக்கத்தையும் கையெழுத்துப் பக்கத்தையும் மட்டும் படமெடுத்து அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. மதிப்பீட்டாளருக்கு முதலில் வேண்டியது சொத்து விவரம் உள்ள பக்கம்: நான்கு எல்லைகள், மனையின் அளவு, அடையாள எண்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். எல்லாப் பக்கங்களையும் வரிசையாக ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக அனுப்புங்கள். பத்திரம், வரி ரசீது, அனுமதி வரைபடம் மூன்றிலும் பெயரும் கதவு எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். கதவு எண் இடையில் மாறியிருந்தால், பழைய எண், புதிய எண் இரண்டும் உள்ள ஆவணத்தைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இது அதே வீடுதானா என்ற கேள்வியில் கோப்பு நின்றுவிடும்.

வரைபடத்தைச் சுருக்கி அச்சிடுவது இன்னொரு தொல்லை. 1:100 அளவில் வரைந்த படத்தில் 1 செ.மீ. என்பது 1 மீட்டர். ஏ3 தாளில் இருந்ததை ஏ4 தாளுக்குள் அடக்கி அச்சிட்டால் அது ஏறக்குறைய 1:141 ஆகிவிடும். 4 மீட்டர் அறை, தாளில் 2.8 செ.மீ.தான் இருக்கும். படத்தில் அளவுகள் எழுதப்படாமலோ, மங்கலாகவோ இருந்தால் அந்தத் தாளால் பயனில்லை. மூலக் கோப்பையே அனுப்புங்கள்.

பரப்பளவில்தான் குழப்பம் அதிகம். உள் அளவு 30 அடிக்கு 20 அடி என்றால் 600 சதுர அடி. சுற்றிலும் 9 அங்குலச் சுவரைச் சேர்த்தால் 31.5 அடிக்கு 21.5 அடி, அதாவது 677 சதுர அடி. இரண்டும் சரியான கணக்குதான். எது எந்தக் கணக்கு என்று எழுதாததுதான் பிழை. அடுக்குமாடி வீட்டில் படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கும் சேரும்போது எண் இன்னும் பெருகும். விளம்பரத்தில் வந்த எண்ணை விண்ணப்பத்தில் அப்படியே எழுதினால், அளந்து வந்த கணக்கோடு அது முட்டிக்கொள்ளும், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். சதுர மீட்டரில் உள்ளதைச் சதுர அடியாக்க 10.764 ஆல் பெருக்குங்கள். 10 என்று தோராயமாகப் போட்டால் 100 சதுர மீட்டரில் 76 சதுர அடி காணாமல் போகும்.

பின்னால் கட்டிய அறையையோ, மூடிய பால்கனியையோ சொல்லாமல் விடாதீர்கள். வரைபடத்தில் இல்லாத சுவர் அளக்கும்போது தெரிந்துவிடும். எந்த ஆண்டு கட்டியது, அனுமதி உண்டா என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், அந்தப் பகுதியை எப்படிக் கணக்கில் கொள்வது என்று கடன் தருபவரிடம் மதிப்பீட்டாளர் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்வார்.

வரும் நாளன்று

எல்லா அறைகளும், பரணும், மாடிக் கதவும், மோட்டார் அறையும் திறந்திருக்க வேண்டும். மின் இணைப்பும் தண்ணீரும் ஓட வேண்டும். துண்டித்து வைத்த வீட்டில் எது வேலை செய்கிறது என்று பார்க்க வழியில்லை. நாயைக் கட்டிப்போடுங்கள். சுவரோரம் டேப் போகும் அளவுக்குச் சாமான்களை நகர்த்தினால் போதும், வீட்டை அலங்கரிக்கத் தேவையில்லை. நீர்க்கசிவுக் கறையின் மேல் மட்டும் புது வண்ணம் அடிப்பது கூடாது. மற்ற சுவர்களிலிருந்து அது தனித்துத் தெரியும், ஈரம் இன்னும் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லி நாட்கள் கூடும். கசிவைச் சரிசெய்திருந்தால் அந்த ரசீதைக் காட்டுங்கள்.

அவர் அளக்கும்போது கூடவே நடந்து பேச்சுக் கொடுப்பதும் வேலையைக் கெடுக்கும். குறிப்பிட்ட தொகை வர வேண்டும் என்று சொல்வது அதைவிட மோசம். அவருடைய நடுநிலையே கேள்விக்குள்ளாகிவிடும். சொல்ல வேண்டியதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்த வேலை, எந்த ஆண்டு, எவ்வளவு செலவு. கூரையும் மின்கம்பியும் மாற்றிய ஆண்டு முக்கியம். செலவழித்த தொகை முழுவதும் மதிப்பில் ஏறாது என்பதையும் மனதில் வையுங்கள்.

அறிக்கை வந்த பிறகு

அவர் கேட்கும் கூடுதல் விவரத்தை அன்றே அனுப்புங்கள். அறிக்கையில் பிழை இருந்தால், கண்ணில் பட்டதை ஒவ்வொன்றாக நான்கு கடிதங்களில் எழுதக் கூடாது. முழுவதும் படித்து, பக்க எண், உள்ளது, இருக்க வேண்டியது, சான்று என்று ஒரே கடிதத்தில் முடியுங்கள். மதிப்பு குறைவு என்று தோன்றினாலும் வெறும் வருத்தத்தை எழுதினால் எதுவும் நகராது. பக்கத்தில் அண்மையில் விற்ற, ஏறக்குறைய அதே பரப்பும் அதே வயதும் உள்ள இரண்டு மூன்று வீடுகளின் முகவரி, விற்ற தேதி, பரப்பு, பதிவான விலை ஆகியவற்றை வைத்து, மறுபரிசீலனை கேட்டுக் கடன் தருபவர் வழியாக அனுப்புங்கள். விற்பதாக விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையைச் சேர்க்காதீர்கள்; அது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல.