இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தை வளரவில்லையா? வளர்ச்சி ஊசியைத் தேடும் முன்

"வயசுக்கேத்த வளர்த்தியே இல்லை, சவலையாவே இருக்கு. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் என்ன?" பிறவி இதய நோயுள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்த ஹார்மோன் குறைவதே இல்லை.

பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும். அதன் தூண்டுதலில் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளை உண்டாக்கும். எலும்பு நீள்வதில் இதற்குப் பெரும் பங்குண்டு. சாப்பாடு போதாத உடம்பில் கல்லீரல் அந்தத் தூண்டுதலுக்குச் சரியாக இணங்காது. இருக்கிற சத்தை வைத்து முதலில் உயிரைக் காப்போம், வளர்வதெல்லாம் அப்புறம் என்று உடம்பே நிறுத்திவைக்கிறது. அதனால்தான் இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் சரியாகவோ கூடுதலாகவோ இருந்தும் ஐ.ஜி.எஃப்-1 குறைந்து காணப்படும். பசியில் இருக்கும் உடம்புக்கு ஊசி என்ன செய்யும்?

கீழறைச் சுவரில் பெரிய ஓட்டையுள்ள குழந்தை பால் குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நாலு வாய் இழுக்கும், மூச்சு வாங்கும், நெற்றி வியர்த்துவிடும், வயிறு நிறையும் முன்பே களைத்துத் தூங்கிவிடும். வரவு இப்படி. செலவோ அதிகம்: மற்ற கைக்குழந்தைக்கு நாளுக்கு, கிலோ எடைக்கு ஏறத்தாழ 100 கலோரி போதுமென்றால், இதற்கு 120 முதல் 150 வரை வேண்டியிருக்கும். தாயிடம் பால் போதவில்லை என்று பழி போடுவது பெரிய அநியாயம்.

முழுசாகக் குடித்துத்தான் ஆகவேண்டும் என்று ஒரு மணி நேரம் மடியிலேயே வைத்திருக்காதீர்கள். குடிக்கிற உழைப்பிலேயே குடித்தது கரைந்துவிடும். அரை மணிக்குள் முடித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். செரிக்காது என்று பாலில் தண்ணீர் கலப்பது கூடவே கூடாது. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு சுமார் 67 கலோரிதான். பிழிந்தெடுத்த பாலில் சத்துச் சேர்த்து அதை 80, தேவைப்பட்டால் 100 வரை உயர்த்த மருத்துவர் வழி சொல்வார். நீங்களாகக் கலக்க வேண்டாம். மூக்கு வழியாகக் குழாய் வைக்கச் சொன்னால் பதறாதீர்கள். குழந்தையின் களைப்பு குறையும்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, "கொஞ்சம் எடை ஏறட்டும், அப்புறம் ஆபரேஷன் பார்த்துக்கலாம்" என்று வீட்டிலேயே முடிவெடுத்துத் தள்ளிப்போடுவது. பெரிய ஓட்டையை மூடினால்தான் பல குழந்தைகளுக்கு எடையே ஏறும். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனால் நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடி, பிறகு மூடவே முடியாத நிலை வந்துவிடலாம்.

உதடும் நகமும் நீலம் பாயும் குழந்தைகளிடம் இன்னொரு ஏமாற்றம் உண்டு. ஹீமோகுளோபின் 14, 15 என்றிருந்தால் இரும்புச்சத்து போதும் என்று நினைத்துவிடுகிறோம். அவர்களுக்கு அந்த அளவே குறைவாக இருக்கலாம். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடை சில மாதங்களில் ஏறத் தொடங்கும், உயரம் மெல்லத்தான் வரும். நன்றாகச் சாப்பிட்டும் உயரம் எட்டவில்லை என்றால் ஹார்மோன் நிபுணரிடம் போங்கள். தைராய்டும் பார்ப்பார்கள். மகாதமனி (இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) குறுகிய பெண் குழந்தை குட்டையாகவும் இருந்தால், எக்ஸ் குரோமோசோம் குறைபாட்டால் வரும் டர்னர் நோய்க்குறியா என்று குரோமோசோம் பரிசோதனை தேவை. நுரையீரல் வால்வு குறுகலோடு உயரக் குறைவும் இருந்தால், மரபணு மாற்றத்தால் வரும் நூனன் நோய்க்குறியை நினைக்க வேண்டும். இந்த இரண்டிலும் வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. இதய மருத்துவர் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துச் சரி என்ற பிறகே அதைத் தொடங்குவார்கள்.