ஹோமரைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரையோ எண்ணையோ மாற்றி எழுதுவது திருத்தினால் தீர்ந்துவிடும். கீழே உள்ளவை, ஹோமரின் கிரேக்கக் காவியங்களான இலியட், ஒடிசி பற்றி நீங்கள் எழுதும் கட்டுரையையே கவிழ்ப்பவை.

அடைமொழிக்குள் உளவியல் தேடுவது

இலியட் முதல் காண்டத்தில் அதன் நாயகன் அக்கிலீஸ் கப்பல்களின் பக்கத்தில் கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறான். அப்போதும் அவன் 'விரைகாலன்'. அசையாமல் கிடக்கும் கப்பல்களும் 'விரைந்து செல்வன'. உடனே "அடக்கப்பட்ட வேகத்தின் முரண்நகை" என்று இரண்டு பக்கம் விளக்கம் வந்துவிடும். அத்தனையும் வீண்.

விஷயம் யாப்பில் இருக்கிறது. அடிக்கு ஆறு சீர். பாடகர் பாடிக்கொண்டே அடியைக் கட்டுகிறார், நிறுத்தி யோசிக்க நேரமில்லை. அடியில் மிச்சமுள்ள இடத்துக்குப் பொருந்தும் பெயர்த்தொடர் நாவில் தயாராக இருக்க வேண்டும். ஒடிசியின் நாயகன் ஒடிசியஸுக்கு 8 அசை மிச்சமென்றால் 'பொலுத்லாஸ் தியோஸ் ஒதுஸ்ஸெயுஸ்' (பெரும்பாடு பட்ட மேலோன்). 7 என்றால் 'பொலுமேதிஸ் ஒதுஸ்ஸெயுஸ்' (சூழ்ச்சி மிக்கவன்). 5 என்றால் வெறும் 'தியோஸ் ஒதுஸ்ஸெயுஸ்'. (அசை என்றால் இங்கே ஒலியசை, நேர், நிரையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அக்கிலீஸுக்கும் இதே மூன்று அளவில் தொடர்கள் உண்டு. 7 அசைக்கு உரியதுதான் அந்த விரைகால். அமெரிக்க ஹோமர் ஆய்வாளர் மில்மன் பாரி, பறம்புமலைக்காரர் அல்ல, 1928-இலேயே பாரிஸ் ஆய்வேடுகளில் இதை அட்டவணை போட்டுக் காட்டிவிட்டார். இன்னுமா?

பொருள் எழுதுமுன் பாருங்கள்: தொடர் அடியில் எங்கே தொடங்குகிறது? அதே வேற்றுமையில், அதே அளவில் அவனுக்கு வேறு தொடர் உண்டா? இல்லையென்றால் பேனாவைக் கீழே வையுங்கள். இருந்தும் வழக்கமானதை விட்டு அரியதை எடுத்திருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

அதற்காக இட்டுநிரப்பி என்று ஒதுக்கவும் கூடாது. பழகிய காதுக்கு அந்தத் தொடர், கேட்ட பாட்டிலெல்லாம் வந்த அக்கிலீஸை மொத்தமாகக் கொண்டுவந்து நிறுத்தும்.

வாய்மொழி என்றால் மனப்பாடம்

1935-இல் யூகோஸ்லாவியாவில் இன்னொருவர் பாடிய 2,294 அடிப் பாடலை அவ்தோ மெதெதோவிச் என்ற நாட்டுப்புறப் பாடகர் முதன்முறையாகக் கேட்டார். அதையே பாடும்படி பாரி கேட்டதும் 6,313 அடி வந்தது. மனப்பாடம் இப்படிப் பெருகாது.

எல்லாப் பாடகரும் ஒரே வகை

ஒடிசியில் வரும் தெமொதொகோஸ் யாழோடு பாடுபவர். ஒடிசியஸ் கேட்டால் மரக்குதிரைக் கதை தொடங்குகிறது. அவன் அழுவதைக் கண்ட அரசன் சொன்னால் பாட்டே நிற்கிறது. பிளேட்டோ காட்டும் இயோன் வேறு. நிலைபெற்றுவிட்ட பாட்டை ஒப்பிப்பவன், ராப்சோட். மேடையிலிருந்தே கூட்டத்தின் முகம் பார்க்கிறான்: அவர்கள் அழுதால் காசு வரும், தான் சிரிக்கலாம், அவர்கள் சிரித்தால் தான் அழ வேண்டியதுதான்.

ஹோமர் பார்வையற்றவர்

தொன்மம். தகவலாக எழுதாதீர்கள்.

ஒரே இரவில் முழு இலியட்

15,693 அடி. நிமிடத்துக்குப் பத்து அடி என்றாலும் 26 மணி நேரம்.