பிளே ஸ்கூல் டீச்சருக்கும் ஆயாவுக்கும் ஊசி: எங்கன தொடங்கணும், எப்படி முடிக்கணும்

அட்மிஷன் அன்னைக்கு பிள்ளையோட தடுப்பூசி கார்ட வாங்கி ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல வைக்கோம், ஒரு ஊசி விட்டுப்போயிருந்தா அம்மாவ நிக்க வச்சு கேள்வி கேக்கோம், ஆனா அந்தப் பிள்ளைய நாள் முழுக்க இடுப்புல வச்சுக்கிட்டு மூக்கு துடைச்சு ஜட்டி மாத்தி விடுத ஆயாக்காகிட்ட, எக்கா ஒங்களுக்கு என்னென்ன ஊசி போட்டிருக்குன்னு கேட்டிருக்கோமா? நானும் கேக்கல. மார்த்தாண்டம் பக்கம் சின்னதா ஒரு பிளே ஸ்கூல் நடத்துதேன், 30 பிள்ளைங்க, 4 டீச்சர், 2 ஆயா.

ஒரு மார்ச் மாசம் ஒரு பையனுக்கு காதுக்குப் பின்னால ரெண்டு கொப்புளம். கொசுக்கடின்னு சொல்லி ரோஸ் கலர் காலமைன தடவி விட்டிருந்தாங்க. மத்தியானம் சட்டைய கழட்டிப் பாத்தா வயித்துல வரிசையா கெடக்கு, சின்னம்மை. பையன வீட்டுக்கு அனுப்பியாச்சு, வாசல்ல வேப்பிலையும் சொருகியாச்சு, தீந்துதுன்னு நெனச்சேன். 15ஆம் நாள் ஆயாக்காவுக்கு பனி (காய்ச்சல்), மறுநாள் மூஞ்சியெல்லாம் கொப்புளம், பெரியவங்களுக்கு வந்தா பிள்ளைகளுக்கு மாதிரி லேசுல போகாது, மூணு வாரம் படுத்துட்டாங்க. அதுக்கெடையில எங்க டீச்சர் ஒருத்தி மூணு மாசம் முழுகாம இருந்தா, அவளுக்கு முந்தியே அம்மை வந்திருக்கான்னு அவ அம்மாவுக்கே ஞாபகம் இல்ல, ரத்தம் எடுத்துப் பாத்து எதிர்ப்பு சக்தி இருக்குன்னு ரிசல்ட் வர்ற வரைக்கும் எனக்கு சோறு எறங்கல. அந்தக் கலவரத்துல எழுத ஆரம்பிச்ச நோட்டுதான் இது.

முதல்ல ஊசி வாங்க ஓடாதீங்க, ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. ஆளுக்கு ஒரு பக்கம். பிறந்த வருஷம், சின்னம்மை வந்திருக்கா, கார்டு இருக்கா, கர்ப்பமா இல்ல சீக்கிரம் பிள்ளைக்குப் பாக்காங்களா, வேற எதுக்காச்சும் மருந்து எடுக்காங்களா. கடைசி ரெண்டையும் ஸ்டாஃப் ரூம்ல வச்சு எல்லாரும் கேக்க கேக்காதீங்க, தனியா கேளுங்க, நோட்டும் பூட்டுக்குள்ள இருக்கட்டும். வேலைக்கு சேருத அன்னைக்கே கேட்டுட்டா இன்னும் கொள்ளாம்.

பிறந்த வருஷம் எதுக்குன்னா, தமிழ்நாட்டுல 2017 பிப்ரவரில ஸ்கூல் ஸ்கூலா வந்து தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டாங்கல்லா, அது 9 மாசத்துலேர்ந்து 15 வயசு வரைக்கும் மட்டும். இப்ப டீச்சரா இருக்க முக்காவாசி பேரு அன்னைக்கே அந்த வயசத் தாண்டினவங்க. போதாக்குறைக்கு அந்த ஊசில பொன்னுக்கு வீங்கிக்கு மருந்து கெடையாது (கழுத்துல தங்கச் செயின் போட்டா வீக்கம் வடியும்னு எங்க பாட்டி சொல்லும், செயின் அழகா இருக்கும், அவ்வளவுதான்). அதனால பெரியவங்களுக்கு எம்எம்ஆர் கேளுங்க, அதுல மூணுக்கும் இருக்கு, 2 டோஸ், நடுவுல கொறஞ்சது 28 நாள். கார்டு இல்ல, ஞாபகமும் இல்லன்னா போடலன்னு வச்சுக்க வேண்டியதுதான், முந்தி போட்டவங்களுக்கே திரும்பப் போட்டாலும் ஒரு கெடுதியும் இல்ல.

அடுத்தது சின்னம்மை ஊசி, இதுவும் 2 டோஸ், 4லேர்ந்து 8 வாரம் இடைவெளி. இது அரசு தடுப்பூசி அட்டவணைல கெடையாது, அதனால காசு குடுத்துப் போட்டாதான் உண்டு. அம்மை வந்தது உறுதியா தெரிஞ்சவங்களுக்கு வேண்டாம், சந்தேகம்னா ரத்தத்துல எதிர்ப்பு சக்தி இருக்கான்னு ஐஜிஜி டெஸ்ட் பாக்கலாம்.

இந்த ரெண்டு ஊசிலயும் உயிருள்ள வைரஸ பலவீனப்படுத்தி வச்சிருக்கு, அதனால கர்ப்பமா இருக்கவங்களுக்குப் போடவே கூடாது, போட்ட பிறகு ஒரு மாசத்துக்கு கர்ப்பம் தரிக்காம பாத்துக்கணும். கல்யாணம் நிச்சயம் ஆன டீச்சர்னா தேதிக்கு முன்னாலயே ரெண்டு டோஸும் முடிச்சு விடுங்க, ஏன்னா கர்ப்பத்தோட தொடக்கத்துல ரூபெல்லா வந்தா பிள்ளைக்கு கண்ணுல புரை, காது கேக்காம போறது, இருதயக் கோளாறு எல்லாம் வரும். கேன்சர் மருந்து, அதிக டோஸ் ஸ்டீராய்டு எடுக்கவங்களும் டாக்டர் சொல்லாம போடக்கூடாது. ரெண்டு ஊசியையும் ஒரே நாள்ல போடலாம், இல்லன்னா 28 நாள் விடணும்.

மிச்சத்த வேகமா சொல்லிருதேன். ஆஸ்திரேலியால சின்னப் பிள்ளைகளப் பாக்குத வேலைக்குன்னே அரசு கையேட்டுல பட்டியல் உண்டு, மேல சொன்ன ரெண்டு கூட ஹெபடைடிஸ் ஏ (ஒரு வகை மஞ்சக்காமாலை), கக்குவான் இருமல், வருஷா வருஷம் ஃப்ளூ. ஹெபடைடிஸ் ஏ ஜட்டி மாத்துத ஆயாவுக்கு முக்கியம், சின்னப் பிள்ளைகளுக்கு மஞ்சக்காமாலை வெளிய தெரியாமலே மலத்துல வைரஸ் போகும். கக்குவானுக்கு டிடேப்னு ஒரே ஊசி, ரணஜன்னிக்கும் சேத்து, இதையும் ஃப்ளூ ஊசியையும் கர்ப்பிணிகளும் போடலாம். சமையல் அக்காவுக்கு டைஃபாய்டு ஊசியும் டாக்டர்கிட்ட கேட்டுக்கிடுங்க.

எங்க போடுதது? ஆரம்ப சுகாதார நிலையத்துல (பிஎச்சி) புதன்கிழமை போடுதது பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான், நம்ம லிஸ்ட்ட அங்க நீட்டினா நர்ஸம்மா பாவம் என்ன செய்வாங்க. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்னு தனியார் பிள்ளை டாக்டர்கள்கிட்ட பெரும்பாலும் ஸ்டாக் இருக்கும், 6 பேரு வாறோம்னு முந்தியே சொல்லிட்டுப் போங்க. மெடிக்கல்ல வாங்கி ஹேண்ட்பேக்ல போட்டு பஸ்ல கொண்டு போற வேலை வேண்டாம், மருந்து 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். போட்டதும் அரை மணி நேரம் அங்கனயே இருங்க. பாட்டில்ல இருக்க ஸ்டிக்கர கேட்டு வாங்கி நோட்டுல ஒட்டுங்க, பேட்ச் நம்பர் அதுல இருக்கும்.

நேரம்னா மே மாச லீவுதான் தோது. எம்எம்ஆர் போட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு சிலருக்கு லேசா பனி வரும், அது லீவுலயே போயிரும், ரெண்டாவது டோஸ் ஜூன்ல. காசு? மேனேஜ்மென்ட்தான் குடுக்கணும், ஆயா சம்பளத்துல பிடிச்சா ஒருத்தரும் ரெண்டாவது டோஸுக்கு வர மாட்டாங்க.

ஊசி போடுததுக்கு முந்தியே ஸ்கூல்ல சின்னம்மை வந்துட்டுதுன்னா, அம்மை வராத ஸ்டாஃபுக்கு 3 நாளுக்குள்ள, மிஞ்சிப்போனா 5 நாளுக்குள்ள ஊசி போட்டாலும் பலன் உண்டு. கர்ப்பிணி டீச்சர அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்புங்க. அம்மை வந்தவங்க எல்லா கொப்புளமும் பொருக்கு தட்டுத வரைக்கும் ஸ்கூல் பக்கம் வரக்கூடாது. கொப்புளம் தெரியுததுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முந்தியே தொத்தும், அதனாலதான் அந்தப் பையன உடனே அனுப்பியும் எங்க ஆயாக்கா தப்பல.

ஊசியே இல்லாத ஒண்ணும் இருக்கு, சிஎம்வின்னு ஒரு வைரஸ், பிள்ளைகளோட எச்சில்லயும் மூத்திரத்துலயும் வரும், கர்ப்பிணிக்குத் தொத்தினா வயித்துல இருக்க பிள்ளையோட காத பாதிக்கும். அதுக்கு சோப்புதான். எங்க ஸ்கூல்ல இப்ப ஜட்டி மாத்துத இடத்துப் பக்கத்துலயே குழாயும் சோப்பும் வச்சாச்சு, முந்தி கை கழுவணும்னா அடுக்களை தாண்டிப் போணும். ஆயாக்காவுக்கு எம்எம்ஆர் ரெண்டாவது டோஸ் வாற 18ஆம் தேதி, காலண்டர்ல அவங்களே செவப்பு மையில வட்டம் போட்டு வச்சிருக்காங்க.