அமெரிக்க ஊரின் ஸ்னோ கணக்கு: ஒரு பசலிக்கு எவ்வளவு விழுந்தது என்று நாமே பார்ப்பது எப்படி?

மாசி முடிந்து பங்குனி பிறந்தால் டெல்டாவில் பல வீடுகளுக்கு ஒரு வாட்ஸ்அப் படம் வந்துவிடும். இங்கே வயலில் உளுந்து நெற்று கறுத்துக்கொண்டிருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே பிள்ளையோ மருமகளோ கார் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிக்கொண்டு நிற்பார்கள். "ஸ்பிரிங் வந்தாச்சு, இன்னும் கொட்டுது, இந்த வருஷம் ரெக்கார்டாம்" என்று கூடவே ஒரு வரி. மினியாபோலிஸில் இருக்கும் என் அக்கா மகன் 2023இல் இப்படி அனுப்பினான். எதை முறியடித்த ரெக்கார்டு, எந்தத் தேதியிலிருந்து எண்ணியது என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாது மாமா, டிவியில சொன்னான்" என்றான். வலங்கைமானில் உட்கார்ந்தபடியே அதைச் சரிபார்த்துவிடலாம். காசு வேண்டாம், பதிவு செய்யவும் வேண்டாம்.

மொபைலில் இருக்கும் வானிலை ஆப் எதுவும் இதற்கு உதவாது. அவை நாளைக்கு என்ன என்று சொல்லுமே தவிர, போன ஆண்டு என்ன நடந்தது என்று சொல்லாது. லேப்டாப்பைத் திறந்துகொள்ளுங்கள்.

படி 1: அரசுத் தளத்துக்குப் போங்கள்

அமெரிக்காவின் நேஷனல் வெதர் சர்வீஸ் தளம் போதும். வெதர் டாட் கவ் என்று போட்டு, வரைபடத்தில் உங்கள் பிள்ளை இருக்கும் ஊரைத் தொட்டால் அந்த வட்டார அலுவலகத்தின் பக்கம் வரும். அதில் கிளைமேட் பகுதிக்குள் நவ்டேட்டா என்று ஒரு பலகம் இருக்கிறது. பழைய கணக்கெல்லாம் அங்கேதான்.

படி 2: ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது "ஏரியா" என்ற சொல்லைப் பாருங்கள்

பட்டியலில் ஒரே ஊரின் பெயர் இரண்டு மூன்று விதமாக இருக்கும். பெயரோடு ஏரியா என்று முடிவதைத் தேர்ந்தெடுங்கள். அளக்கும் இடம் காலப்போக்கில் மாறியிருக்கும். மினியாபோலிஸில் 1938இல் நகர நடுவிலிருந்து விமான நிலையத்துக்குப் போனது. ஏரியா என்று இருப்பதில் பழைய இடத்துக் கணக்கையும் புதிய இடத்துக் கணக்கையும் ஒன்றாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். தனி நிலையத்தைத் தேர்ந்தெடுத்தால் சில பத்தாண்டுகள்தான் கிடைக்கும். பத்தாண்டு கணக்கை வைத்துக்கொண்டு ரெக்கார்டு என்று சொல்வதில் ஒன்றுமே இல்லை.

படி 3: ஸ்னோஃபால் வேறு, ஸ்னோ டெப்த் வேறு

தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஸ்னோஃபால் என்பது புதிதாக விழுந்தது. ஸ்னோ டெப்த் என்பது தரையில் கிடப்பது. முன்னதைக் கூட்டலாம், பின்னதைக் கூட்டவே கூடாது. இன்று பத்து அங்குலம் கிடக்கிறது, நாளையும் அதே பத்து அங்குலம் கிடக்கிறது என்றால் இருபது ஆகாது.

அளக்கும் விதத்தைப் பார்த்தால் இது மனதில் நிற்கும். வெள்ளை பெயிண்ட் அடித்த பலகை ஒன்று, சுமார் 16க்கு 24 அங்குலம், திறந்த வெளியில் கிடக்கும். அதன்மேல் விழுந்ததை ஸ்கேல் வைத்து அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாக அளப்பார்கள். பிறகு பலகையைத் துடைத்து, ஏற்கெனவே விழுந்து கிடக்கும் ஸ்னோவின் மேலேயே திரும்ப வைப்பார்கள். இப்படித் துடைத்து அளப்பது ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, அதாவது நாளைக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது என்பது விதி. ஸ்னோ விழுந்ததும் தன் எடையிலேயே அமுங்கத் தொடங்கிவிடும். மணிக்கு மணி துடைத்து அளந்தால் அமுங்குவதற்குள் எழுதிவிடுவோம், மொத்தம் ஊதிப்போகும். தரையில் கிடப்பதைத் தனியே, பெரும்பாலும் காலையில் ஒரு தடவை, முழு அங்குலமாக எழுதுவார்கள்.

பிள்ளைகள் அனுப்பும் படத்தில் இடுப்பளவு தெரிவது சாலையிலிருந்து வாரி ஒதுக்கிய குவியல். அது இந்த இரண்டு கணக்கிலும் வராது. பாஸ்டனில் 2014-15 பருவத்தில் 110.6 அங்குலம் விழுந்தது, அந்த ஊரின் ரெக்கார்டு அதுதான். வாரிக் கொட்டிய குவியல் ஒன்று அடுத்த ஜூலை 14 வரை உருகாமல் கிடந்தது. அதை வைத்து ஜூலையில் ஸ்னோ விழுந்தது என்று யாரும் எழுத மாட்டார்கள்.

படி 4: ஜூலை முதல் ஜூன் வரை

புராடக்ட் என்ற இடத்தில் மந்த்லி சம்மரைஸ்டு டேட்டா, வேரியபிளில் ஸ்னோஃபால், சம்மரியில் சம் (கூட்டுத்தொகை). ஆண்டு வரம்பில் தொடக்கத்துக்கு எவ்வளவு பழைய ஆண்டு போட முடியுமோ போடுங்கள். கோ என்று அழுத்தினால் அட்டவணை வரும்.

ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டினால் தப்பு. ஒரே குளிர்காலம் இரண்டு ஆண்டில் உடைந்துபோகும். மினியாபோலிஸில் 1991 அக்டோபர் 31 தொடங்கி நவம்பர் 3க்குள் 28.4 அங்குலம் விழுந்தது. அது 1991-92 பருவத்தின் சொத்து, அதே ஆண்டு மார்ச்சில் விழுந்ததோடு சேராது. அதனால்தான் ஸ்னோ பருவத்தை ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிக்கிறார்கள்.

இந்தத் தேதிகளைக் கேட்டதும் நம் ஊரில் யாருக்கும் விளக்கவே வேண்டாம். அப்படியே நம் வருவாய்த் துறையின் பசலி ஆண்டு. அடங்கலும் ஜமாபந்தியும் எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அதே ஜூலை-ஜூன். தொடங்கும் ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி எண். 2022-23 என்பது பசலி 1432. என் நோட்டில் நான் பசலி எண்ணைத்தான் எழுதுகிறேன், சம்பா மகசூலும் மினியாபோலிஸ் ஸ்னோவும் ஒரே வரியில் உட்காரும்.

அக்கா மகன் சொன்னதற்கு இங்கேதான் விடை கிடைத்தது. மினியாபோலிஸில் பசலி 1432இல் 90.3 அங்குலம். 1983-84இல் 98.6, 1981-82இல் 95.0. ஆக மூன்றாம் இடம். அதே பருவத்தில் வடக்கே இருக்கும் டுலூத்தில்தான் நிஜமான ரெக்கார்டு: 140.1 அங்குலம், 1995-96இன் 135.4ஐத் தாண்டியது. டிவிக்காரர் எந்த ஊரைச் சொன்னாரோ, மருமகன் எதைக் கேட்டானோ!

ரெக்கார்டு என்று யார் சொன்னாலும் அந்தத் தேதிக்கா, அந்த மாதத்துக்கா, பருவத்தின் இதுவரைக்குமா, முழுப் பருவத்துக்கா என்று கேளுங்கள். தேதி ரெக்கார்டு அடிக்கடி விழும். முழுப் பருவ ரெக்கார்டு அப்படி விழாது.

படி 5: டியும் எம்மும்

அட்டவணையை அப்படியே காப்பி செய்து லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒட்டுங்கள். போனில் ஷீட்ஸ் வைத்துச் செய்பவர்களுக்குக் கும்பிடு, என் விரலுக்கு அது ஆகாது.

சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் டி என்று இருக்கும். விழுந்தது, ஆனால் 0.1 அங்குலம்கூடத் தேறவில்லை என்று பொருள். அதைக் கூட்டலில் பூஜ்யமாகவே விடலாம். எம் என்றால் அளவே இல்லை, விட்டுப்போனது. விரிதாளின் சம் இரண்டையும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எம் இருக்கும் பருவம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், நீங்களும் மிகக் குறைந்த ஸ்னோ கண்ட ஆண்டு என்று எழுதிவிடுவீர்கள். எம் இருக்கும் வரிக்கு மஞ்சள் வண்ணம் கொடுத்து வரிசைப்படுத்தலிலிருந்து ஒதுக்கிவையுங்கள்.

படி 6: குளிரான வசந்தமா என்று பார்க்க

வானிலைக்காரர்களுக்கு அங்கே வசந்தம் மார்ச் 1 முதல் மே 31 வரை. வானியல் கணக்கில் மார்ச் 20 வாக்கில் தொடங்கும். "வசந்தத்தின் தொடக்கம்" என்று செய்தியில் வந்தால் எது என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது சராசரி. இப்போது ஒப்பிடுவது 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுச் சராசரியோடு. பத்து ஆண்டுக்கு ஒரு முறை இது மாறும். மினியாபோலிஸின் பருவச் சராசரி ஸ்னோ இப்போது 51.2 அங்குலம், முந்தைய 1981-2010 கணக்கில் 54.4 ஆக இருந்தது. எனவே பத்தாண்டுக்கு முந்தைய செய்தியில் "சராசரிக்குக் குறைவு" என்று இருந்தது இன்றைய அளவுகோலில் சராசரியாகவே இருக்கலாம்.

வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் இருக்கும். "சராசரியைவிட 10 டிகிரி குறைவு" என்று படித்துவிட்டு கூகுள் கன்வர்ட்டரில் 10 என்று போட்டால் மைனஸ் 12 செல்சியஸ் என்று வரும். அது வேறு விஷயத்துக்கான விடை. வித்தியாசத்தை மாற்றும்போது 32ஐக் கழிக்கக் கூடாது, 5ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் போதும். 10 டிகிரி குறைவு என்பது 5.6 செல்சியஸ் குறைவு, அவ்வளவுதான்.

படி 7: நம் ஊர் மழையோடு ஒப்பிட வேண்டுமா?

98.6 அங்குலம் என்றால் இரண்டரை மீட்டர். டீக்கடையில் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். உருக்கிப் பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். பொதுவாகப் பத்து அங்குல ஸ்னோ உருகினால் ஓர் அங்குலத் தண்ணீர் என்பார்கள். கடுங்குளிரில் விழும் பொடி ஸ்னோவுக்கு 15, 20 அங்குலம்கூட வேண்டியிருக்கும். மார்ச், ஏப்ரலில் விழும் ஈர ஸ்னோவுக்கு ஆறேழு போதும்; அள்ளினால் முதுகு ஒடிவதும் அதனால்தான்.

பத்துக்கு ஒன்று என்று வைத்தால் மினியாபோலிஸின் ரெக்கார்டுப் பருவம் முழுவதும் 25 செ.மீ. தண்ணீர். 2022 நவம்பர் 11-12இல் சீர்காழியில் 24 மணி நேரத்தில் கொட்டியது 44 செ.மீ.

பிற்சேர்க்கை

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதினார்: அட்டவணையில் சில ஆண்டுகளில் ஜூலை, ஆகஸ்டிலும் டி இருக்கிறதே, கோடையில் ஸ்னோவா என்று. இல்லை. ஒரு காலத்தில் ஆலங்கட்டி மழையையும் அந்தப் பத்தியில் டி என்று பதிந்திருக்கிறார்கள். மொத்தத்தை அது மாற்றாது. ஆனால் "பருவத்தின் முதல் ஸ்னோ எந்தத் தேதி" என்று தேடுபவர்கள் டியை விட்டுவிட்டு 0.1 அல்லது அதற்கு மேல் உள்ள முதல் நாளை எடுங்கள்.

பலர் கேட்டது இன்னொன்று: பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியுமா? முடியும். அதே நவ்டேட்டாவில் அக்யுமுலேஷன் கிராஃப்ஸ் என்று ஒன்று இருக்கிறது, வேரியபிளில் ஸ்னோஃபால் கொடுங்கள். இந்தப் பருவத்துக் கோடு, சராசரிக் கோடு, இதுவரை கண்ட அதிகபட்சம், குறைந்தபட்சம் எல்லாம் ஒரே படத்தில் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பிள்ளைக்கு நீங்களே அனுப்பலாம்.